பழுதில்லாத இலைகள்

எருக்கிலைக்கு வாசனை கிடையாது என்று பலர் சொல்கிறார்கள். அவர்கள் மூக்கில்தான் கோளாறு. நல்ல பச்சை வாசனை அது, அடியில் லேசாக ஒரு கசப்பு. இன்றைக்கும் மத்தியானத் தூக்கத்தில், மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே, அந்த வாசனை வந்துவிடும். வந்தால் கூடவே ஒரு கண்ணாடித் தட்டும் வரும். வெள்ளைப் பொடி பூசிய தட்டு. அதில் ஈரம் கீழிருந்து மேலே மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். எங்கோ ஓரிடத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புள்ளி தெரியும். நான் கையை நீட்டுவேன். அதற்குள் வெளுத்துவிடும்.

கனவில் மட்டுமில்லை, நிஜத்திலும் அந்தப் புள்ளி அப்படித்தான். சில நிமிடம் இருக்கும், பிறகு போய்விடும். அந்தச் சில நிமிடத்தால் என் மானமே போகப் பார்த்தது.

எழுபதுகளின் கடைசி. வேலூரில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் நான் ஆராய்ச்சி மாணவி. விடுதியில் தங்கியிருந்தேன். வீடு ஆரணியில். அம்மா நான் பள்ளிக்கூடம் சேரும் முன்பே இறந்துவிட்டாள். நைனா பட்டு நெய்தார். அக்கா பட்டு இழைத்தாள். அதாவது நூலை ராட்டையில் சுற்றும்போதே விரல் நுனியால் தடவித் தடவிப் பார்ப்பாள், முடிச்சோ பிசிறோ தட்டுப்பட்டால் அறுத்துவிட்டு ஒட்டுப்போடுவாள். அவள் கண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும், விரல் மட்டும் வேலை செய்யும். அக்கா எட்டாவதோடு நின்றாள். நான் நிற்காமல் படித்தேன். இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் ‘அதனால்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அந்த வயதில் எனக்கு அது தெரியவில்லை.

என் பேராசிரியர் எனக்குக் கொடுத்த செடி எருக்கு. அதன் இலையிலும் பாலிலும் இதயத் துடிப்பை மாற்றக்கூடிய பொருட்கள் இருக்கின்றன. அளவோடு போனால் மருந்து, மீறினால் விஷம். செடி நமக்கு வைத்தியம் பார்க்கவா அதைச் செய்து வைத்திருக்கிறது? தன்னைத் தின்ன வருகிறவர்களுக்காகச் செய்து வைத்திருக்கிறது. ஆடு மாடு எல்லாம் எருக்கை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது அதனால்தான். அந்தப் பொருட்களைப் பிரித்துப் பார்ப்பதுதான் என் வேலை.

விஷயத்தைக் கேட்டதும் அக்கா ராட்டையை நிறுத்திவிட்டாள்.

“ஊர்ல வேற செடியே இல்லியாடி ஒனக்கு? ரோஜா கீது, துளசி கீது. போயும் போயும் எருக்கா? அதும் பாலு கண்ணுல பட்டா கண்ணு பூடும்.”

“பிள்ளையாருக்கு மாலை கட்டிப் போடறியே, அப்ப மட்டும் ஒண்ணும் ஆகாதா?”

“அவரு சாமி. நீ சாமியா?” என்று சொல்லிவிட்டு மறுபடி சுற்ற ஆரம்பித்தாள்.

முதல் தடவை இலை பறித்தது நான்தான். லீவு முடிந்து திங்கட்கிழமை காலையில் வேலூர் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். கமண்டல நாகநதிக் கரையைத் தாண்டும்போதுதான் இலை பறிக்காதது நினைவுக்கு வந்தது. என் புத்தி எப்போதும் அப்படித்தான், பாதி இங்கே, பாதி வேறெங்கோ. கைக்கு வந்த கிளைகளை ஒடித்துப் பையில் திணித்தேன். பஸ் கண்ணமங்கலம் தாண்டியபோது பக்கத்து சீட்டில் இருந்த ஒரு வயதான அம்மா வீலென்று கத்தினார். அவர் தோளில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரி போட்ட ஒரு புழு நிதானமாக நடந்துகொண்டிருந்தது. பைக்குள் பார்த்தால் இன்னும் பத்துப் பதினைந்து.

கண்டக்டர் வந்து பார்த்துவிட்டு, “இன்னாமா இது, பூச்சிப் பண்ணை வெச்சிகினு வர்றியா? அதுக்கெல்லாம் டிக்கெட் யாரு எடுப்பாங்க?” என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் புழுக்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே வெளியே விட்டேன்.

அந்த இலைகளை நிழலில் காயவைத்துப் பொடியாக்கி, எரிசாராயத்தில் கொதிக்கவைத்து, வடித்து, சுண்டவைத்து, அதில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தட்டின் அடியில் வைத்தேன். தட்டைக் கொஞ்சம் திரவத்தில் நிறுத்தினால், திரவம் ஊறி ஏறும். ஏறும்போது இலைக்குள் இருந்த பொருட்களையும் கூட்டிக்கொண்டு போகும். ஒவ்வொன்றும் தன் உயரத்தில் நின்றுவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மேலே ஒரு மருந்தைத் தெளித்தால்தான் தெரியும்.

தெளித்தேன். வெள்ளைத் தட்டில் மூன்று கத்தரிப்பூப் புள்ளிகள், இருக்க வேண்டிய இடத்தில். அவற்றுக்குக் கீழே நான்காவதாக ஒன்று. எந்தப் புத்தகத்திலும் எருக்குக்கு நான் பார்க்காத ஒன்று. மற்ற மூன்றையும்விட அடர்த்தி. பிறந்ததிலிருந்து பட்டுச் சாயங்களைப் பார்த்தே வளர்ந்தவள் நான். ஆனாலும் அந்த நிறத்தைப் பார்த்ததும் மூச்சை மறந்து நின்றேன். பேராசிரியர் அன்று சென்னையில் இருந்தார். கூப்பிட்டுக் காட்ட ஆய்வகத்தில் யாருமில்லை. பென்சிலால் நான்கையும் சுற்றி வட்டம் போட்டேன். போட்டு முடிப்பதற்குள் நிறம் மங்கியது. பிறகு வெள்ளைத் தட்டும் நான்கு வட்டமும்தான் மிச்சம்.

பேராசிரியர் வந்து வட்டங்களைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். முகமெல்லாம் சந்தோஷம். என் உதவித்தொகையை நீட்டிப்பதற்கான அறிக்கையில் அந்த நான்காவது பொருளைப் பற்றி எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டார். “நிறைய இலை வேணும்மா. வாராவாரம் வரவழை” என்றார்.

வாராவாரம் அக்கா அனுப்பினாள். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் கண்டக்டரிடம் பையைக் கொடுத்துவிடுவாள், நான் வேலூர் பஸ் நிலையத்தில் போய் வாங்கிக்கொள்வேன். அந்தப் பையைப் பிரிப்பது ஒரு சுகம். நெய்த புடவையைச் சுற்றி வைக்கும் வெள்ளைத் துணியில் சுற்றியிருப்பாள். உள்ளே, கவுளி வெற்றிலை அடுக்கின மாதிரி, காம்பெல்லாம் ஒரே பக்கம், எல்லாம் ஒரே அளவு. மேலே படிந்திருக்கும் வெள்ளை மாவைக்கூட ஈரத்துணியால் துடைத்திருப்பாள். ஒரு கீறல் கிடையாது. ஆய்வகம் முழுக்கக் கூடி நின்று வேடிக்கை பார்த்தது. “இவ்வளவு சுத்தமான இலையை நான் பார்த்ததே இல்லை” என்றார் பேராசிரியர். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

நான்காவது புள்ளி வரவில்லை.

மூன்று வந்தது. நான்காவது இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை. அடுத்த வாரம் வந்த பையிலும் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. திரவத்தை மாற்றினேன், பொடியை மாற்றினேன், தண்ணீர் சரியில்லை என்றேன், பாத்திரம் கழுவுகிறவரிடம் அநியாயமாகச் சண்டை போட்டேன். ஆடி போய், ஆவணி போய், ஐப்பசி மழையும் வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே மழை, உள்ளே கொதிகலத்தில் சொட்டுச் சொட்டாக விழும் சாராயம். இரண்டு சத்தமும் ஒன்றாகிப் போய், நான் நின்றுகொண்டே கனவு காண்பேன். கனவில் நான்கு புள்ளியும் வரும். கண்ணைத் திறந்தால் மூன்றுதான் இருக்கும்.

ஒரு நாள் பேராசிரியர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார்.

“தப்பா நினைச்சுக்காதேம்மா. அந்த நாலாவது புள்ளி நிஜமாவே வந்துதா?”

“வந்துது சார்.”

“தட்டுல வேற ஏதாவது பட்டிருக்குமோ? இல்லை, வரணும்ங்கற ஆசையில பார்த்துட்டியோ? சின்ன வயசுல எல்லாருக்கும் நடக்கறதுதான்.”

“இல்லை சார். என் கண்ணால பார்த்தேன்.”

அவர் அறிக்கையின் நகலை எடுத்து மேஜைமேல் வைத்தார். “அறிக்கையில என் கையெழுத்து இருக்கு. கார்த்திகை தீபத்துக்குள்ள இன்னொரு தடவை காட்டிடு. இல்லேன்னா அது தப்புன்னு நான் எழுதியாகணும். எழுதினா உன் உதவித்தொகை நின்னுடும். இந்தத் துறையில உன்னை வெச்சுக்கறதும் கஷ்டம்.”

அவர் கெட்டவர் இல்லை. பொய்க்காரி என்று சொல்லவுமில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். தராசு வைத்திருக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதைவிடப் பெரிய கஷ்டம், எனக்கே சந்தேகம் வந்துவிட்டதுதான். நான் பார்த்தேனா? இல்லை, எங்கள் தெருவில் காயப்போட்டிருந்த ஏதோ ஒரு கத்தரிப்பூ நிறப் பட்டு நூலை நினைத்துக்கொண்டே தட்டைப் பார்த்தேனா? பென்சில் வட்டத்தை யார் வேண்டுமானாலும் போடலாமே.

தீபத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஊருக்குப் போனேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லத்தான் போனேன். நைனா தறியிலிருந்து இறங்காமலே கேட்டுக்கொண்டார்.

“வராத ஒண்ணுக்கு ஏம்மா மாரடிச்சிகினு கீற? வந்துடு. நல்ல எடம் ஒண்ணு வந்து கீது, பாக்கலாம்.”

அக்கா எனக்குச் சோறு போட்டாள். அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் சிவந்து, தோல் உரிந்து, தேங்காயெண்ணெய் மினுமினுத்தது.

“இன்னாக்கா இது?”

“ஒண்ணுமில்ல. சுண்ணாம்பு பட்டுது.”

தறியிலிருந்து நைனா குரல் கொடுத்தார். “சுண்ணாம்பா! எருக்கம்பாலு. விரலு சொரசொரன்னு ஆயி, பட்டு அதுல மாட்டிகினு அறுந்து அறுந்து போவுது. ஒரே பேஜாரு. சொன்னா கேக்கறாளா? தங்கச்சி படிக்குதாம்!”

சோற்றை அப்படியே வைத்துவிட்டு அவள் கையைத் திருப்பிப் பார்த்தேன். பட்டு இழைப்பவளுக்கு விரல் நுனிதான் எல்லாம். வாராவாரம் நான் பையைப் பிரித்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேனே தவிர, பாலொழுகும் அத்தனை காம்பையும் யார் கிள்ளினார்கள் என்று ஒரு நாள் யோசித்தேனா? இல்லை.

மறுநாள் காலை அக்கா விரல்களில் கந்தைத் துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். நானே கூடப் போனேன். மழை விட்டிருந்தது. ஆற்றில் கணுக்காலளவு தண்ணீர், அதன்மேல் லேசான பனிமூட்டம். கரையெல்லாம் எருக்கு. ஊதாப் பூக்கள். ஓர் இலையின் அடியில் பச்சை நிறத்தில் ஒரு கூட்டுப்புழு தொங்கியது, அதன் மேல் வரிசையாகப் பொன் புள்ளிகள். “ஜரிகை வெச்சி நெய்ஞ்சிகீது பாரு” என்றாள் அக்கா. நான் அதைப் பார்த்தபடியே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. நினைவுக்கு வந்து திரும்பியபோது அக்கா வேலையில் இருந்தாள். இலையைக் கிள்ளுவாள், வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாள், முன்னும் பின்னும் திருப்புவாள். பத்தில் ஒன்றோ இரண்டோதான் பைக்குள் போகும். மற்றதெல்லாம் காலடியில் குவிந்துகொண்டிருந்தது.

“அத்தயெல்லாம் ஏன் கீழ போடற?”

“பூச்சி கடிச்சதுடி. பழுது. காலேஜுக்குப் போயி பழுதானத அனுப்புவாங்களா?”

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் பயம் நெய்கிறவர்களுக்குத்தான் புரியும். நெய்து முடித்த புடவையைக் கடைக்காரர் வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஓர் இழை அறுந்திருந்தாலும் ‘பழுது’ என்று மடித்து ஓரமாக வைத்துவிடுவார். அன்றைக்கு நைனா வீட்டில் யாரிடமும் பேசமாட்டார். அக்காவின் கண் அந்தப் பயத்தில் பழகிய கண். அந்தக் கண்ணால்தான் எனக்கு இலை பொறுக்கியிருக்கிறாள், தெரிந்ததிலேயே உயர்ந்த முறையில்.

அப்போதுதான் பஸ்ஸில் அந்த அம்மாவின் தோளில் நடந்த புழு என் நினைவுக்கு வந்தது. நான் முதலில் கொண்டுபோன இலைகள் பாதிக்குப் பாதி புழு தின்றவை!

“அய்யோ அக்கா!”

“இன்னாடி, பாம்பா?”

“பூச்சி கடிச்ச எலையிலதான்கா அது இருக்கு! கடிச்சா செடி சும்மா இருக்குமா? புதுசா விஷம் செஞ்சிருக்கு!” குவியலை அப்படியே முந்தானையில் அள்ளினேன். ஈரமணலில் குதித்தேன் என்று நினைக்கிறேன்.

அக்கா கேட்டாள். “அப்ப இத்தினி நாளா நான் அனுப்சது அல்லாம் வேஸ்டா?”

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கிருந்த சந்தோஷத்தில், “ஆமாம்கா, அத்தனையும்!” என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் விரலில் சுற்றிய துணியை அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். அந்த முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

வேலூரில், அந்தக் கடிபட்ட இலைகளின் சொட்டு தட்டில் ஏறி முடிந்தது. மருந்தைத் தெளிப்பதற்கு முன்னால் ஓடிப்போய்ப் பேராசிரியரைக் கூட்டி வந்தேன். பாத்திரம் கழுவுகிறவரையும் கூப்பிட்டேன், சாட்சிக்கு. தெளித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு கீழே, அதே இடத்தில், நான்காவது. அது மங்கி மறையும் வரை பார்த்துக்கொண்டே நின்றோம். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “மன்னிச்சுக்கோம்மா” என்றார்.

ஆனால் அவர் நல்ல விஞ்ஞானி. அடுத்த நிமிடமே ஒரு கேள்வி கேட்டார். “கடிச்சதால வந்துதா, இல்லை, அது இருக்கற இலையைத்தான் புழு தேடிப்போய்க் கடிக்குதா?”

இதை அக்காவுக்கு ஒரு இன்லாண்ட் லெட்டரில் எழுதிப் போட்டேன். நல்ல இலையாகப் பார்த்துச் சிலவற்றில் புழுவை விடு, சிலவற்றில் விடாதே, அவ்வளவுதான் எழுதினேன். இரண்டு வாரத்தில் பை வந்தது. உள்ளே நான்கு கட்டு. ஒவ்வொன்றையும் மீந்துபோன பட்டு நூலால் கட்டியிருந்தாள். கூடவே ஒரு தாள், பென்சிலில் எட்டாம் வகுப்புக் கையெழுத்து: “பச்சை நூல், புழு அண்டாமல் துணி மூடி வைத்தது. மாம்பழ மஞ்சள், கொஞ்சம் கடித்தது. வெங்காய நிறம், பாதி கடித்தது. அரக்கு, பாதிக்கு மேல் தின்றது. எல்லாம் ஒரே செடி. முதலில் எல்லாமே பழுதில்லாத இலை. புழுவை நானே எண்ணி விட்டேன். நானும் பார்த்துவிட்டேன், கடிக்கக் கடிக்கச் செடிக்குக் கோபம் ஏறுகிறது போல.”

துணி மூடச் சொல்லி நான் எழுதவில்லை. ஒரே செடியில் செய்யச் சொல்லவில்லை. கடித்த அளவுப்படி பிரிக்கச் சொல்லவுமில்லை. தட்டில் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பச்சை நூல் வரிசையில் நான்காவது புள்ளியே இல்லை. மஞ்சளில் ஒரு நிழல். வெங்காய நிறத்தில் தெளிவாக. அரக்கில் அடர்ந்த கத்தரிப்பூ. என் ஆராய்ச்சியில் உருப்படியான அட்டவணை என்று ஒன்று இருந்தால் அது அதுதான். மற்ற பக்கங்களெல்லாம் அதைச் சுற்றி நான் எழுதிய பேச்சு.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆய்வேடு முடிந்தது. ஆங்கிலத்தில் எழுதினேன். முறைகளைச் சொல்லும் அத்தியாயத்தில் ஒரு வரி உண்டு: இலைகளைப் பறித்ததும், புழுக்களை விட்டதும், சேதத்தின்படி வகைப்படுத்தியதும் ஆய்வாளரே. யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. எட்டாவது படித்த பெண் செய்தாள் என்றால் தேர்வாளர் என்ன நினைப்பாரோ என்று பயந்து நானே எழுதினேன். நன்றியுரையில் வேலூர் பஸ் கண்டக்டர்களுக்குக்கூட நன்றி சொன்னேன், வேடிக்கையாக இருக்கும் என்று. புழுவுக்கு லத்தீனில் இரண்டு சொல்லில் முழுப்பெயர் போட்டேன். நிஜமாகவே பார்த்தாயா என்று என்னைக் கேட்ட நாளில் நான் சொன்னது சத்தியம். ஒருவரும் கேட்காத நாளில்தான் பொய் சொன்னேன்.

அட்டை போட்ட புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். நைனா கண்ணில் ஒற்றிக்கொண்டு தறிக்குப் போய்விட்டார். அக்கா கையைக் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள்.

“நான் பறிச்சது, நூலு கட்னது அல்லாம் எழுதிகீறியாடி?”

“எழுதியிருக்கேன்கா.”

“எங்க, காட்டு.”

நான் அந்தப் பக்கத்தைத் திறந்து, அந்த வரியின்மேல் விரலை வைத்தேன். “இதோ.”

அக்கா என் விரலை நகர்த்திவிட்டுத் தன் விரலை வைத்தாள். விரல் நுனி அதற்குள் ஆறியிருந்தது. பட்டு இழையைத் தடவுகிற மாதிரியே அந்த வரியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் தடவினாள். மறுபடி ஒரு தடவை. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஒரு பழுது இல்லாம எழுதிகீறடி” என்றாள்.